தேவராஜ் தோசை ஊற்றிய சனிக்கிழமை

1

வந்திருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆ லான் அக்கா. சீனர். வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கும்.

அவர் மகன் ஆ கியோங். முப்பது வயது. பேச்சு குறைவு, சாப்பாடு அதிகம்.

கக் ரொஸ்னா. மலாய்க்காரர். நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கக் என்றால் மலாயில் அக்கா.

பஸ் குணா. ஒரு காலத்தில் பஸ் ஓட்டினார். இப்போது ஓட்டுவதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சாந்தி. சாந்தியின் அம்மா.

செமோரிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர். யாருக்கு நோய், யார் துணைக்கு வந்தவர் என்று எனக்கு ஒரு மாதம் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

என் மனைவி லெட்சுமி.

என் மகள் காயத்ரி. கோலாலம்பூரில் வேலை. முதல் நாளே வந்துவிட்டாள்.

என் மச்சான் தேவராஜ். லெட்சுமியின் தம்பி. அன்று அவனுடைய நாள்.

நான்.

பிறகு தெலுக் இந்தானிலிருந்து ஒருவர் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

இடம், ஈப்போவிலிருந்து செமோர் போகிற சாலையில் ஒரு வரிசை வீடு. மனநோய் உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் சனிக்கிழமை அங்கே கூடுவோம். பலகை கிடையாது. சனிக்கிழமை வீடு என்போம்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரி வார்டில் படுக்காமல் ஒருவர் ஒரு வருடம் தாண்டினால், அன்று அவர் கேட்பது நடக்கும். சாந்தி டுரியான் பழம் கேட்டாள். வீடு மூன்று நாள் நாறியது. ஆ கியோங், ஒரு மணி நேரம் யாரும் பேசக்கூடாது என்று கேட்டான். பேசவில்லை. பஸ் குணாவுக்குத்தான் சிரமமாகப் போய்விட்டது.

இந்தச் சனிக்கிழமை தேவராஜுக்கு ஒரு வருடம்.

2

நான் தேவகோட்டைப் பக்கம். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. ஈப்போவில் தோசை மாஸ்டர். வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

ஊரில் சின்னப் பத்திரிகை நடத்தும் என் சினேகிதன், அங்கே எப்படி இருக்கிறாய் என்று எழுது என்றான். சந்தோஷமாக இருக்கிறேன் என்றேன். எழுத அது போதாது என்றான். அதனால் இது.

வரும்போது பெட்டியில் துணி கொஞ்சம், தோசைக்கல் ஒன்று. விமான நிலையத்தில் அதிகாரி கல்லைத் தூக்கிப் பார்த்து என்னவோ கேட்டார். எனக்கு மலாய் ஒரு வார்த்தை தெரியாது. மேஜை மேல் காற்றில் மாவை ஊற்றிக் காட்டினேன். வட்டமாகத் தேய்த்தேன். திருப்பினேன். அவர் பக்கத்து அதிகாரியைக் கூப்பிட்டு மறுபடி செய்யச் சொன்னார். செய்தேன். அனுப்பிவிட்டார்கள்.

அந்த அதிகாரிக்குப் பிறகு அந்தக் கல்லை வேறு யாரும் தொட்டதில்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான். ஒருத்தர் கைக்குப் பழகின கல்லில் அடுத்தவர் ஊற்றினால் தோசை ஒட்டும். கடையில் இருக்கிறது கடைக் கல். இது வீட்டில் இருக்கும். நான்தான் கழுவுவேன், நான்தான் எண்ணெய் தடவுவேன்.

லெட்சுமி இந்த ஊர்ப் பெண். அவள் அப்பா அம்மா செமோர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பாதி செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை, பாதி வீடுகள். நாங்கள் ஜெலாப்பாங்கில் அடுக்கு மாடியில் இருக்கிறோம். தேவராஜும் எங்களோடுதான்.

காலை நான்கரைக்கு மோட்டார் சைக்கிளை எடுப்பேன். தேவா பின்னால் உட்காருவான். அதே கடையில் அவனுக்குத் தட்டு கழுவும் வேலை. சனிக்கிழமை வீட்டுக்காரர்கள் முதலாளியிடம் பேசி வாங்கிக் கொடுத்தது. மதியம் இரண்டுக்குத் திரும்புவோம். நான் தூங்குவேன்.

காயத்ரி இதைப் படிக்கமாட்டாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். இப்போது போனில் எனக்கு ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அனுப்புகிறாள். நான் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஆனால் மாமாவின் மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, எதைச் சோறு தின்றபின் போடவேண்டும் என்று எனக்குச் சொல்வது அவள்தான். ஒன்று போனால் ஒன்று வருகிறது.

3

தேவா முன்னால் ஜெலாப்பாங்கில் ரப்பர் கையுறை செய்யும் ஃபேக்டரியில் இருந்தான். நல்ல வேலைக்காரன். இருபத்தாறு வயதில் பேச்சு குறைந்தது. தனியாகச் சிரித்தான். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து தோட்டத்து முனியாண்டி கோயில் வாசலில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

அப்போது காயத்ரி சின்னப் பிள்ளை. மாமியார் சொன்னார், மௌன விரதம் இருக்கிறான் என்று. பிள்ளைக்கு வேறு பெயர் வந்துவிடக் கூடாதே என்று சொன்னார். அதைக் குற்றம் சொல்லமாட்டேன்.

ஆனால் ஜனங்கள் நம்பிவிட்டார்கள்.

தேவா இடையில் நம்பர் சொல்வான். நாலு நாலு எண்ணாகச் சொல்வான். இந்த ஊரில் நாலு எண் லாட்டரி உண்டு. யாரோ ஒருத்தருக்கு அவன் சொன்ன நம்பர் அடித்தது. அதோடு முடிந்தது. சாமி ஆகிவிட்டான். தமிழர் வந்தார்கள், சீனர் வந்தார்கள். மாலை, பழத்தட்டு, காலில் விழுவது. ஒருவர் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார். தெலுக் இந்தானிலிருந்து பெருமாள் என்று ஒரு லாரிக்காரர் மாதம் தவறாமல் வருவார். நல்ல மனிதர். அவர்தான் முன்னால் நின்று வரிசை விடுவார்.

நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். மச்சான் சாமி என்றால் எனக்கும் கடையில் ஒரு மரியாதை இருந்தது. எழுதத்தான் வேண்டும்.

பதினொரு வருடம் இப்படி. டாக்டரிடம் காட்டவில்லை. சாமியை யார் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள்?

பின்னால், மருந்து வேலை செய்ய ஆரம்பித்தபிறகு, ஒருநாள் வீட்டில் தட்டு கழுவிக்கொண்டே தேவா சொன்னான்.

"அந்த நம்பர்லாம் காதுல ஒருத்தன் படிச்சுக்கிட்டே இருப்பான் மச்சான். நிறுத்தமாட்டான். வெளிய சொன்னா கொஞ்சம் குறையும். அதான் சொன்னேன்."

நான் அன்று ஒன்றும் சாப்பிடவில்லை.

4

மாமியார் இறந்தபின் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஒரு நாள் பசாரில், மீன் கடை முன்னால், மழையில் நனைந்துகொண்டு அசையாமல் நின்றான். இழுத்தேன், வரவில்லை. ஆட்கள் கும்பிட்டார்கள். ஒரு சீனப் பெண் மட்டும் கும்பிடவில்லை. குடையை அவன் தலைக்குப் பிடித்தார். ஆ லான் அக்கா.

"உன் தம்பியா?"

"சம்சாரத்தோட தம்பி."

"என் பையனும் இப்படித்தான்லா. இது சாமி இல்ல. நோய். மருந்து இருக்கு. திங்கக்கிழமை நான் வரேன், சேர்ந்து போலாம்."

அவர் தோட்டத்துப் பக்கம் கடை வைத்திருந்த குடும்பம். தமிழ் நன்றாக வரும். பேச்சில் 'லா' சேர்ப்பது இந்த ஊர்ப் பழக்கம். திங்கட்கிழமை சொன்னபடி வந்தார். ஒரு பிளாஸ்டிக் பையில் ரொட்டி, தண்ணீர், ஆரஞ்சு. "ஆஸ்பத்திரியில ரொம்ப நேரம் உட்காரணும். வயிறு காஞ்சா நமக்கும் பைத்தியம் பிடிக்கும்" என்றார். நான் ஒரு வருடத்துக்குப் பிறகு சிரித்தது அன்றுதான்.

நிரப்பவேண்டிய படிவங்கள் நிறைய. ஒன்றில் நோயாளிக்கு நீ என்ன உறவு என்று கேட்டிருந்தது. மச்சான் என்றேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் சிரித்துவிட்டாள். இங்கே கடையில் தேத்தண்ணி கேட்கிறவன்கூட மச்சான் என்றுதான் கூப்பிடுகிறான், சரியான உறவைச் சொல் என்றாள். நான் விளக்கினேன். அக்கா என்றேன், கல்யாணம் என்றேன், கழுத்தில் தாலி கட்டிக் காட்டினேன். எனக்கும் அவனுக்கும் கல்யாணமா என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. தேவாகூடச் சிரித்தான். அவன் பல்லைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ஊசி ஆரம்பித்தது. மாதம் ஒன்று. மாத்திரையும் உண்டு. நாலாவது மாதம் காதில் படிப்பவன் தூரமாகப் போய்விட்டான் என்றான்.

ஆ லான் அக்கா கூட்டிப்போன சனிக்கிழமை வீட்டில் ஒரு நாட்காட்டி தொங்கும். யாருக்கு எந்த நாள் ஊசி என்று அதில் எழுதியிருக்கும். பக்கத்தில் துணைக்குப் போகிறவர் பெயர். சொந்த வீட்டார் பெயர் அதில் வராது. வீட்டார் போனால் வழியில் சண்டை வரும் என்று கக் ரொஸ்னாவின் ஏற்பாடு. தேவாவுக்குத் துணை பஸ் குணா. பஸ்ஸில் போகும்போது டிரைவர் பிரேக் போடுவது சரியில்லை என்று குணா திட்டிக்கொண்டே வருவாராம். அதைக் கேட்டுக்கொண்டிருப்பதில் ஊசிப் பயமே போய்விடுகிறது என்பான் தேவா.

யாராவது இரண்டு சனிக்கிழமை வராவிட்டால், ஒருவர் சோற்றுப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போவார். ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார். சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். அவ்வளவுதான். அடுத்த வாரம் வராதவர் வந்துவிடுவார்.

எனக்கும் அங்கே வேலை கொடுத்தார்கள். புதிதாக வருகிற வீட்டாரிடம் பேசுவது. பயப்படாதீர்கள் என்று சொல்வது. மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

5

போன வருடம் ஒரு சறுக்கல்.

பெருமாள் அண்ணன் எப்படியோ எங்கள் வீட்டைக் கண்டுபிடித்து மாலையோடு வந்துவிட்டார். நான் கடையில் இருந்தேன். தேவாவுக்கு அப்போது வேலை கிடையாது, வீட்டில் இருந்தான். சாமி எங்களை விட்டுப் போயிட்டீங்களே என்று அழுதிருக்கிறார். தேவா சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். நானும் லெட்சுமியும் சொல்லியும் எழவில்லை. மூன்று நாள். பெருமாள் போன் போட்டு ஆட்களைக் கூப்பிட்டார். நம்பர், நம்பர். ஊசி நாள் தப்பியது. மாத்திரையைத் தூர வைத்தான். அடுத்த மாதம் வார்டு. இரண்டு மாதம் படுத்தான்.

சனிக்கிழமை வீட்டார் முறை போட்டுப் போய்ப் பார்த்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. திரும்பி வந்த அன்று கக் ரொஸ்னா சொன்னது ஒரே வாக்கியம்: "மறுபடி முதல் நாள்லேர்ந்து எண்ணலாம்."

ஏன் உட்கார்ந்தாய் என்று நான் மட்டும் கேட்டேன்.

"அங்க எல்லாரும் கும்பிட்டாங்க மச்சான். இங்க நான் யாரு?" என்றான்.

தட்டு கழுவும் வேலை அதற்குப் பிறகு வந்ததுதான். அது பதில் ஆகுமா, தெரியவில்லை.

6

இரண்டு வாரம் முன்னால் ஆ லான் அக்கா கேட்டார்.

"தேவா, ஒரு வருஷம் வரப்போகுது. என்ன வேணும், சொல்லு."

பிரியாணி என்பான் என்று நினைத்தோம். ஆ கியோங் தட்டையே எடுத்து வைத்துவிட்டான்.

"மச்சானோட கல்லுல நான் தோசை ஊத்தணும். எல்லாருக்கும்."

"முடியாது" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. தேவா தலையை ஆட்டினான். சரி மச்சான் என்றான். அந்தச் சரிதான் குத்தியது.

வீட்டுக்கு வந்ததும் லெட்சுமி பிடித்துக்கொண்டாள்.

"கல்லு என்ன தங்கமா?"

"கல்லு இல்ல. நெருப்பு. எண்ணெய். திடீர்னு அவனுக்கு ஏதாவது..."

"நீங்க மத்தியானம் தூங்குறீங்களே, அப்ப தினம் எனக்கு டீ கலக்கித் தர்றது யாரு? அடுப்பு பத்த வைக்கிறது யாரு, பக்கத்து வீட்டுக்காரனா?"

எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாது.

காயத்ரியிடம் போனில் சொல்லியிருக்கிறாள். உடனே அவளிடமிருந்து செய்தி. மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். "அப்பா, நீங்கதானே எல்லாருக்கும் பயப்படாதீங்கன்னு சொல்லுவீங்க."

மறுநாள் மதியம் நான் தூங்கவில்லை. கல்லை எடுத்து அடுப்பில் வைத்தேன். தேவாவைக் கூப்பிட்டேன். பாதி வெங்காயத்தைக் கையில் கொடுத்தேன்.

"எண்ணெயத் தொட்டுத் தேய். தண்ணி தெளி. சொய்னு சத்தம் வரணும். சத்தம் கேக்குதா?"

"கேக்குது மச்சான். அந்தச் சத்தம் மட்டும்தான் கேக்குது."

சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். உள்ளேயிருந்து லெட்சுமியும் சிரித்தாள். நான் திரும்பிக்கொண்டேன்.

முதல் நாள் தோசை ஒவ்வொன்றும் ஒரு மாநிலத்தின் வரைபடம். நாலாவது நாள் ஓரம் வட்டமானது. மருந்தினால் அவனுக்குக் கை கொஞ்சம் நடுங்கும். அந்த நடுக்கத்தில் கரண்டி ஓடினால் ஓரத்தில் பூ மாதிரி வேலைப்பாடு விழுகிறது. எனக்கு வராது அது. பத்தாவது நாள் கல் அவனுக்கு ஒட்டாமல் விட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

7

சனிக்கிழமை. காலை பத்து மணி. வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் கேஸ் அடுப்பு. அதன் மேல் என் கல். தேவா புதுச் சட்டை. மேலே என் ஏப்ரன்.

நான் பக்கத்தில் நின்றேன்.

"மச்சான், நீங்க அங்க போய் உட்காருங்க."

"இங்கயே நிக்கிறேனே."

"நீங்க நின்னா எனக்கு மாவு ஓடல."

போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் என் கல்லுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

முதல் தோசை ஆ லான் அக்காவுக்கு. இரண்டாவது சாந்திக்கு. பஸ் குணா தன் முறை வருமுன் தட்டை நீட்டினார். "வரிசைலா, வரிசை, பஸ்ஸுன்னா இடிச்சு ஏறலாம்" என்றான் தேவா. கக் ரொஸ்னா சிரித்து சாம்பார் புரையேறி இருமினார். ஆ கியோங் ஒன்றும் பேசாமல் ஏழு தின்றான். செமோர் அண்ணன் தம்பி இருவரும் ஒரே தட்டில் பிய்த்துத் தின்றார்கள்.

அப்போது வாசலில் வண்டிச் சத்தம். பெருமாள் அண்ணன். கையில் மாலை, தட்டில் பழம். ஜெலாப்பாங்கில் எங்கள் பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

லெட்சுமி என் கையைப் பிடித்தாள். பஸ் குணா எழுந்துவிட்டார். கக் ரொஸ்னா கண்ணாலேயே உட்காருங்கள் என்றார்.

பெருமாள் அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. நேரே போனார். அடுப்புப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் விழுந்து, தேவாவின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார்.

"சாமி! ஒரு வருசமாக் காத்திருக்கேன் சாமி. ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க."

தேவாவின் கரண்டி நின்றது. அவன் முகம் எனக்குத் தெரியும். அந்தக் கொட்டகையில் பதினொரு வருடம் பார்த்த முகம் மெல்ல வர ஆரம்பித்தது. கண் தூரத்துக்குப் போனது. முதுகு நிமிர்ந்தது. கல்லில் ஊற்றியது ஊற்றியபடி கிடந்தது. ஓரம் சிவந்தது, பழுப்பானது, புகைந்தது.

நான் எழுந்துவிட்டேன். பிறகு என்னவோ, உட்கார்ந்துவிட்டேன்.

தேவா கீழே பார்த்தான்.

"அண்ணே, காலை விடுங்க. தோசை கருகுது."

பெருமாள் அண்ணன் விடவில்லை. "சாமிக்குக் கோவமா?"

"சாமி கோயில்ல இருக்காருண்ணே. நான் தேவராஜ். எனக்கு வியாதி. மாசம் ஒரு ஊசி போடுறேன், தினம் மாத்திரை. அந்த நம்பரெல்லாம் வியாதி சொன்னது. இப்ப அதுவும் சொல்றதில்ல. எங்கிட்ட ஒண்ணும் கிடையாதுண்ணே." கருகியதைச் சுரண்டி எடுத்தான். தண்ணீர் தெளித்தான். கல் சத்தம் போட்டது. "தோசை இருக்கு. எத்தனை போடட்டும்?"

பெருமாள் அண்ணன் தரையில் உட்கார்ந்தபடியே அவனை அண்ணாந்து பார்த்தார். காலை விட்டார்.

"அப்பல்லாம் கஷ்டமா இருந்துச்சா தம்பி?"

தம்பி என்றார்.

"ரொம்பண்ணே. பேசவே முடியல."

"நாங்க தெரியாம வந்து வந்து கேட்டோமே."

"நீங்க மட்டுமா? விடுங்க. எந்திரிங்க. சட்னி காரம், பாத்துப் போட்டுக்குங்க."

நான் என் நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். போன வருடம் முழுவதும் அவரை அடிக்கவேண்டும் என்று நினைத்திருந்தவன் நான். தட்டையும் நானே கொடுத்தேன். மாலையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆ கியோங் எழுந்து வந்து வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, போய் உட்கார்ந்து எட்டாவது தோசையை ஆரம்பித்தான். எல்லோரும் கைதட்டினோம். "மாப்பிள்ளை மாதிரி இருக்கான்லா என் பையன்" என்றார் ஆ லான் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊரில் உள்ளவர்களுக்கு ஒன்று. உங்கள் தெருவிலும் ஒருவர் இப்படி இருக்கலாம். கும்பிடவேண்டாம், கல்லெறியவும் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கும். வெட்கப்படாமல் விசாரியுங்கள். கூட ஒருவர் போங்கள். கையில் ரொட்டி எடுத்துப் போங்கள். இதே தொல்லை உள்ள இன்னொரு வீட்டைத் தேடிப் பிடியுங்கள். இரண்டு வீடு சேர்ந்தால் போதும், அது சனிக்கிழமை வீடுதான்.

மாவு தீர்ந்தபோது மணி ஒன்று. தேவா அடுப்பை அணைத்தான். முகமெல்லாம் வேர்வை. யார் யார் தட்டில் என்ன மிச்சம் என்று ஒரு சுற்று பார்த்தான். ஒன்றும் மிச்சமில்லை. கல் சூடு ஆறும்வரை பக்கத்திலேயே நின்றான். பிறகு அவனே எண்ணெய் தடவினான். நான் தடுக்கவில்லை.

"மச்சான், எண்ணியிருப்பீங்களே. மொத்தம் எத்தனை?"

எண்ணித்தான் இருந்தேன். தொழில் பழக்கம்.

"கருகினதைச் சேத்தா, சேக்காமலா?"

"சேத்துச் சொல்லுங்க."

அறுபத்தெட்டு.